சளிக்காரன் பாட்டு

சின்னக்கானலுக்கு மேலே ஒத்தப்பாறை எஸ்டேட்டில், முருகேஸ்வரி பேசினால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவளுக்குக்கூடக் கேட்காது. அப்படி ஒரு குரல். அதே எஸ்டேட்டில் வேறு யாரையும்விட அதிகச் சத்தம் போடுகிறவளும் அவள்தான். ஐம்பத்தைந்து வயது. சாயங்காலம் நான்கு மணிவரை ஃபீல்டில் கொழுந்து எடுப்பாள். அதற்குப் பிறகு அவள் 'மொக்கையன் சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், காளியம்மன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் மலையைக் கேட்கவைப்பது அவள் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் மைக்கில் அவள் சொந்தமாகச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "ஹலோ." அதையும் யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோலத்தான் சொல்வாள்.

கணவர் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் ட்ரையர் பார்க்கிறவர். மெஷின் சத்தத்தில் பேசிப் பிரயோசனமில்லை என்று முதல் வருஷமே பேச்சை விட்டவர், வீட்டுக்கு வந்தாலும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. மகன் லோகேஷ் சுற்றுலாப் பயணிகளைச் சூரிய உதயத்துக்கு ஏற்றிச்செல்லும் ஜீப் டிரைவர். பேசாத அப்பாவுக்கும் குரல் கேட்காத அம்மாவுக்கும் பிறந்ததற்கு ஈடாக, அவன் வாய் மூடாது.

சவுண்ட் சர்வீஸ் அவளுடைய அப்பா மொக்கையன் தொடங்கியது. அவர் வகுத்த சட்டங்கள் இன்றும் அமலில் இருக்கின்றன. முதல் சட்டம்: டெஸ்டிங் போடாமல் எந்த விசேஷமும் தொடங்கக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. டெஸ்டிங் என்றால் பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டிவரும். சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தினால் சாமிக்குக் கோபம் வரும். சினிமாப் பாட்டைப் பாதியில் நிறுத்தினால் ஆட்களுக்குக் கோபம் வரும். சாமியாவது அடுத்த வருஷம்வரை பொறுக்கும், ஆட்கள் கல்லெடுப்பார்கள். ஆகவே டெஸ்டிங் பாட்டுக்கு ஒரு பக்தனும் இருக்கக் கூடாது, ஒரு ரசிகனும் இருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட இசைத்தட்டு, செட்டுக்காரர் பேச்சில் பிளேட்டு, ஒன்று 1976இல் மொக்கையன் கைக்கு வந்தது. கனடா நாட்டு உதவியோடு இடுக்கி அணை கட்டி முடித்த சமயம். அங்கிருந்து வந்திருந்த பொறியாளர்கள் ஊருக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். அணை வேலைக்குப் போயிருந்த மச்சான் ஆள் விட்டுச் சொன்னதும், மொக்கையன் போய் ஒரு ரெக்கார்டு பிளேயரைச் சாக்கில் சுற்றி, மூன்று பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பிளேட்டு மாட்டியபடியே இருந்தது. மஞ்சள் லேபிள், அதில் கீரி போல ஒரு மிருகம், பிரெஞ்சு எழுத்து, ஓரத்தில் 45 என்ற எண், நிமிஷத்துக்கு அத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று. நடுத்துளை வழக்கத்தைவிடப் பெரிது. பொறியாளர் வைத்திருந்த அடைப்பு சீக்கிரமே தொலைந்துபோனது. மொக்கையன் தேயிலைப் பெட்டிப் பலகையில் வட்டமாக ஒரு வில்லை அறுத்துத் துளைக்குள் பொருத்தினார். அந்த வில்லை இன்னும் இருக்கிறது.

பாட்டு கனகச்சிதமாக யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்று பேர் டிரம்மையும் கிடாரையும் அடித்து நொறுக்க, நடுவில் யாரோ அலறினார்கள். மொக்கையனுக்குப் பரம திருப்தி. ஒரே ஒரு குறை, பாட்டு இரண்டேகால் நிமிஷத்தில் முடிந்துவிடும். கோயில் மேட்டில் செட்டை வைத்துவிட்டு, மேல் லயம், நடு லயம் தாண்டி, வரிசை வீடுகளில் கடைசியான கீழ் லயம்வரை சத்தம் கேட்கிறதா என்று அவரே இறங்கிப்போய்ப் பார்ப்பது வழக்கம். இருநூற்றுப் பத்துப் படி, மூன்று நிமிஷ நடை. நடு லயத்துக் குழாயடிக்குப் போவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கீழே போய் நின்றால் நிசப்தம். கேட்காததால் நிசப்தமா, முடிந்ததால் நிசப்தமா என்று தெரியாமல் இரண்டு விசேஷங்களில் திண்டாடினார். மூன்றாவது விசேஷத்தில், மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குவதுபோல, பிளேயரின் வேகப் பிடியை 45இலிருந்து 33க்குத் தள்ளினார். பாட்டு சரியாக மூன்று நிமிஷத்துக்கு நீண்டது.

கீழே போய்ச் சேர்ந்ததும் துண்டை வீசுவார். ஒரு தடவை வீசினால் கேட்கிறது, முள்ளை எடு. இரண்டு தடவை வீசினால் கேட்கவில்லை, மறுபடி போடு. மேலே முள்ளுக்குப் பக்கத்தில் ஏழு வயது முருகேஸ்வரி. அவளிடம் மட்டும் அவர் சொன்னார்:

"ஸ்பீடு சங்கதிய யார்கிட்டயும் சொல்லிப்புடாத தாயி. செட்டுக்காரன் ஸ்பீடத் தப்பா வெச்சான்னு ஒரு பேச்சு வந்துச்சு, பெறகு ஒரு சாமிக்கும் நம்மளக் கூப்பிட மாட்டாய்ங்க."

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. போடிப் பக்கம் ஒரு செட்டுக்காரர், கல்யாண வீட்டில் மங்களப் பாட்டை அவசர வேகத்தில் ஓடவிட்டு, சாகும்வரை 'பேதி' என்ற பட்டப்பெயரோடு வாழ்ந்தார். மொக்கையனோ எந்தப் பாட்டும் பிசகாமல் போடுகிறவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர்தான் சவுண்ட் சர்வீஸ். மற்றதெல்லாம் வயர்.

வேகம் குறைந்ததும் அலறல் அடங்கிவிட்டது. முந்தின இரண்டு விசேஷத்து அலறலை ஊர் வேறு பாட்டென்று நினைத்து மறந்தது. கிடார் உறுமியது. பாடினவருக்குக் குரல் கட்டிக்கொண்டு, மூக்கடைத்து, கனத்த ஆண் குரலாகிவிட்டது. எஸ்டேட் அவருக்குச் சளிக்காரன் என்று பெயர் வைத்தது. பெண்டாட்டி செத்த துக்கத்தில் பாடுகிறான் என்றார்கள் மேல் லயத்தில். குடித்துவிட்டுப் பாடுகிறான் என்றாள் முருகேஸ்வரியோடு கொழுந்தெடுக்கும் வேலுத்தாய். வேலுத்தாயின் புருஷன் அந்தச் சுதியில் பேசுவது வழக்கம் என்பதால் அவள் கருத்துக்கு மதிப்பு இருந்தது. காலப்போக்கில் சளிக்காரன் கடிகாரமானான். சளிக்காரன் பாடிவிட்டால் அடுப்பில் உலையை இறக்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும், பட்டுப்பாவாடையைத் தேட வேண்டும். மூன்று தலைமுறைக்கு அந்தப் பாட்டு வார்த்தை பிசகாமல் மனப்பாடம். "ரான் முவா மா க்ளே" என்று தொட்டில் பிள்ளைக்குப் பாடினால் தூங்கியது. ரசிகன் இல்லாத பாட்டு வேண்டும் என்றுதான் மொக்கையன் அதை எடுத்தார். கடைசியில் அந்த மலையில் அதைவிட அதிகம் பேருக்குத் தெரிந்த பாட்டு வேறு இல்லை.

உண்மை தெரிந்தவள் முருகேஸ்வரி ஒருத்தி. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சத்தத்தை மிகக் குறைத்து, பிடியை 45க்குத் தள்ளுவாள். உடனே சளிக்காரன் ஓடிப்போய், ஒரு பெண் வந்து நிற்பாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். யார் மேலோ ஆத்திரம். ஆத்திரப்பட்டுக்கொண்டே சிரிப்பையும் அடக்க முடியாத குரல். கடைசியில் ஓர் அலறல், ஃபேக்டரி சைரன் போல. முருகேஸ்வரி அதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவாள். பன்னிரண்டு வயதில் ஆடினாள், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆடினாள், லோகேஷைச் சுமந்தபோது உட்கார்ந்தபடியே ஆடினாள். ஆட்டம் என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். பார்த்தவர் யாரும் இல்லை.

2009இல் மொக்கையன் காலமானதும், சவுக்கு மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஒரு பெண்ணா என்று பேச்சு வந்தது. முருகேஸ்வரி ஏறிக் கட்டினாள். குழாய் போய்ப் பெரிய பாக்ஸ்கள் வந்தன. அவளும் பாக்ஸ் வாங்கினாள், போனிலிருந்து பாட்டுப் போடக் கற்றாள். டெஸ்டிங் மட்டும் அதே பிளேயர், அதே பிளேட்டு, அதே 33. படி இறங்குவதும் அவளேதான். துண்டுக்குப் பதில் தலையில் கட்டும் கொழுந்துத் துணியை வீசுவாள்.

இடைஞ்சல் கருத்தப்பாண்டி ரூபத்தில் வந்தது. கம்பம்மெட்டிலிருந்து ஏலக்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அதே லாரியில் பாக்ஸ்களையும் கலர் லைட்டையும் ஏற்றி டி.ஜே. ஆனார். லாரியில் இன்னும் ஏலக்காய் வாசனை அடிக்கும், அவருடைய டி.ஜே. மட்டும்தான் இந்த மலையில் வாசனையோடு வருவது. ஒத்தப்பாறைத் திருவிழாமேல் அவருக்குக் கண். கோயில் கமிட்டியும் இந்த வருஷம் முருகேஸ்வரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிற மாதிரி இழுத்தது. பார்க்கும்போதெல்லாம் அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்பார்: "என்னக்கா, சளிக்காரருக்கு இன்னும் மருந்து வாங்கித் தரலயா?"

போன கார்த்திகையில், நடு லயத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு டெஸ்டிங் போட்டபோது, கீழே ரோட்டோர ரிசார்ட்டிலிருந்து அரை டிரவுசரோடு ஒருவர் படியேறி ஓடிவந்தார். பெயர் டிஜோ. கொச்சிக்காரர், பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவதே பிழைப்பும் பைத்தியமுமாக இருப்பவர். மூச்சு வாங்கியபடி பிளேட்டைக் குனிந்து பார்த்தார், லேபிளைப் படித்தார், அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சேச்சி, இது எவிடெருந்து கிடைச்சு? உலகத்திலே மொத்தம் ரெண்டு காப்பிதான் உண்டுன்னு சொல்றாங்க. இது மூணாவது." பிறகு பிடியைப் பார்த்தார். "ஐயோ சேச்சி, ஸ்பீடு தப்பாச்சே? இது நாப்பத்தஞ்சு..."

முருகேஸ்வரி அதுவரை அந்நிய ஆண் யாருடைய கையையும் பிடித்ததில்லை. டிஜோவின் கையைப் பிடித்து இழுத்து தார்ப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மெல்லப் பேசுங்க சார். அது எங்கப்பா வெச்ச ஸ்பீடு."

டிஜோ நல்ல மனிதர். எதுவும் விளங்கவில்லை என்றாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று மாலை அவளுடைய வீட்டில் பாட்டை 45இல் கேட்டார், கண்ணீர் விட்டார். விலை கேட்கத் தனக்கு வாயில்லை என்றார். முருகேஸ்வரி அவருக்கு டீ கொடுத்தாள். ஒரு டெஸ்டிங் பிளேட்டுக்கு அழும் ஆளை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

அவர் மூலம்தான் பாடினவரின் கதை தெரிந்தது. பெயர் ஜினெட். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பகுதி, மரம் அறுக்கும் ஒரு சிறு ஊர். 1967இல் பத்தொன்பது வயது. கூட வாசித்த மூன்று பையன்களும் மர ஆலைக்காரர்கள். டிராக்டர் பழுது பார்க்கும் ஒரு கொட்டகையில் பதிவு செய்தார்கள். முந்நூறு பிளேட்டு போட்டதில் நாற்பது விற்றது. மற்றவை மாமா வீட்டு நிலவறையில் இருந்தன. ஆற்றில் வெள்ளம் வந்தபோது உள்ளே புகுந்த சேறு கொண்டுபோயிற்று. அந்த நாற்பதில் ஒன்று எப்படியோ பொறியாளரின் பெட்டியில் ஏறி இடுக்கிக்கு வந்திருக்கிறது. ஜினெட் அப்புறம் பாடவே இல்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவரிடமே ஒரு பிளேட்டு கிடையாது. இந்தியாவில் ஒரு மலையில் மூன்று தலைமுறைக்கு உங்கள் பாட்டு மனப்பாடம் என்று டிஜோ எழுதியதும், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு மாதம் பதில் போடவில்லை. பிறகு, மாசி மாதம் தன் பேத்தியோடு கேரளத்துக்கு வருவதாகவும், பாட்டை அங்கேயே வந்து கேட்பதாகவும் எழுதினார். வேகத்தைப் பற்றி டிஜோ எழுதவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

மாசி என்றால் காளியம்மன் திருவிழா. லோகேஷ் தன் ஜீப்பில்தான் விருந்தாளியைக் கூட்டிவருவான் என்பது முடிவானதும், எஸ்டேட்டில் செய்தி அரை மணி நேரத்தில் பரவிற்று: சளிக்காரன் வருகிறார். இளைஞர் மன்றத்தார் உடனே ஃபிளெக்ஸ் அடித்தார்கள். இணையத்தில் எங்கோ எடுத்த ஒரு வெள்ளைக்காரர், கத்தை மீசை, கையில் கிடார், கழுத்தில் மஃப்ளர். மஃப்ளர், சளிக்கு. கீழே 'எங்கள் மலையின் குரலே, வருக' என்று எழுதி, மன்றத்துப் பதினான்கு பேரின் பாஸ்போர்ட் படங்களையும் போட்டார்கள். டிஜோ சொன்னதை வைத்து வருவது பெண் என்று லோகேஷ் சொல்லிப் பார்த்தான். நீ சூரியன் உதிக்காத நாளிலும் உதிக்கும் என்று சொல்லி ஆளேற்றுகிறவன்தானே என்று யாரும் காதில் வாங்கவில்லை.

முருகேஸ்வரிக்குக் கொழுந்து கையில் நிற்கவில்லை. முதிர்ந்த இலையும் குச்சியுமாகக் கூடையில் விழ, சூப்பர்வைசர் இரண்டு தடவை முறைத்தார். 33இல் போட்டால், கடல் கடந்து வந்த அம்மாவிடம் அவருடைய பாட்டென்று ஓர் ஆண் குரலைக் காட்டியதாகும். 45இல் போட்டால், மொக்கையன் வைத்த ஸ்பீடு நாற்பத்தொன்பது வருஷமாகத் தப்பு என்று திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் காட்டியதாகும். அடுத்த வருஷம் கமிட்டி கருத்தப்பாண்டியின் லாரிக்கு வழிவிடும். அதுகூடப் போகட்டும். அப்பாவின் பெயர் 'பேதி'க்குப் பக்கத்தில் போய் நிற்கும். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். 45இலேயே போடுவது. ஊர் கேட்டால், பிளேயர் கெட்டுவிட்டது, வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிடுவது. அந்த அம்மாவுக்கு அவர் பாட்டு, அப்பாவுக்கு அவர் பெயர். மெஷின்மேல் பழி போட்டால் மெஷின் கோபித்துக்கொள்ளாது.

திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஜீப் வந்து நின்றது. மீசைக்காரருக்காக மாலையோடு நின்ற மன்றத் தலைவர் முன்னால், நரைத்த கிராப்பு, ஆரஞ்சு நிறச் சட்டை, விளையாட்டு ஷூ என்று எழுபத்தேழு வயது அம்மா ஒருவர் இறங்கினார். மன்றத் தலைவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே டிஜோவும் பேத்தியும் மட்டும்தான். பாக்ஸ் கட்டுகிற அழகைப் பார்க்க என்று சொல்லி வந்திருந்த கருத்தப்பாண்டிக்குப் பொங்கல் கிடைத்தது போல ஆயிற்று.

"அக்கா, ஆம்பளைய வரச் சொன்னீங்க, அம்மா வந்திருக்காக. சளிக்காரரு வீட்டுக்காரம்மாவா?"

ஜினெட் ஃபிளெக்ஸைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், பேத்தியிடம் என்னவோ கேட்டார். பேத்தி ஆங்கிலத்தில் லோகேஷிடம் கேட்டாள். லோகேஷ் அந்த மீசைக்காரர் ஒரு தெய்வம் என்று சொல்லிச் சமாளித்தான். அந்தச் சந்தடியில் ஜினெட்டின் கழுத்தில் மாலை விழுந்தது.

முருகேஸ்வரி பிளேட்டை வைத்தாள், பிடியை 45இல் வைத்தாள், முள்ளை இறக்கினாள். ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து அந்தப் பெண் பிள்ளை வெடித்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு தன் குரலைக் கேட்ட ஜினெட், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிய, உள்ளங்கைக்குப் பின்னால் சிரித்தார். கால் மட்டும் தாளம் தப்பாமல் தரையைத் தட்டியது. முருகேஸ்வரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் தட்டும் அதே இடத்தில் தட்டியது.

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் வேலுத்தாய்தான் வாய் திறந்தாள்.

"என்ன மதினி, யாரோ பிள்ளையப் போட்டு அடிக்கிறாப்புல இருக்கு. நம்மாளு எங்க?"

பிளேயர் கெட்டுப்போச்சு, வேகமா ஓடுது என்று முருகேஸ்வரி சொன்னாள். அவள் குரல் வேலுத்தாய்வரைகூடப் போகவில்லை. அதற்குள் கூட்டம் சலசலத்தது. டெஸ்டிங்கே ஆகவில்லை, சளிக்காரன் பாடாமல் எப்படிக் கொடியேற்றுவது என்றார் ஒரு கமிட்டிக்காரர். அப்போது யாரோ, இந்தம்மாதான் பாடினதென்றால் பாடிக் காட்டட்டும் என்றார்கள். கேட்டது கருத்தப்பாண்டி இல்லை, ஆனால் கைதட்டியது அவர்தான்.

லோகேஷ் மைக்கை நீட்டினான். ஜினெட் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கினார். முள் மறுபடி இறங்கியது. முதல் வரியிலேயே பாட்டு அவரைவிட்டு ஓடியது. பஸ் போன பிறகு பின்னால் ஓடுகிறவர் போல அவர் இரண்டு வரிக்கு ஒரு சொல்லைப் பிடித்தார். அலறல் வருமிடத்தில் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, இருமல் வந்தது. மைக்கில் அந்த இருமல் மூன்று லயத்துக்கும் கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன. ஜினெட்டும் சிரித்தார். ஆனால் மைக்கைத் தாழ்த்திவிட்டார், தொண்டையைத் தொட்டுக் காட்டிப் பேத்தியின் போனில் ஏதோ சொன்னார். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிப்பவரைப் போலத் தெளிவாகச் சொன்னது: "அந்தப் பெண் இப்போது இல்லை. தயவுசெய்து மன்னிக்கவும்."

ஜினெட்டின் சொந்தக் குரல் கனத்திருந்தது. மூக்கடைத்தது போல, கரகரவென்று, கீழே இறங்கி. முருகேஸ்வரிக்கு அது பழக்கமான குரல். ஏழு வயதிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் ஜினெட்டின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "ஹலோ" என்றாள். கூட்டம், வழக்கமான ஹலோதானே என்று கவனிக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை.

"பிளேயர் கெடல. இவங்க பாட்டு நாப்பத்தஞ்சு. எங்கப்பாதான் முப்பத்துமூணுல வெச்சாரு. கீழ் லயம் போய்ச் சேர நேரம் பத்தாதுன்னு வெச்சாரு. தெரிஞ்சேதான் வெச்சாரு. எனக்கும் தெரியும்."

மலை அவளுடைய குரலை அன்றுதான் முழுதாகக் கேட்டது. கேட்டவர்களுக்கு விஷயத்தைவிட அதுதான் ஆச்சரியம். கருத்தப்பாண்டி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ தெரியாது, ஏனென்றால் முருகேஸ்வரி பிடியை 33க்குத் தள்ளி முள்ளை இறக்கிவிட்டு, மைக்கை ஜினெட்டின் கையில் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

கிடார் உறுமியது. கூட்டம் தானாக நிமிர்ந்தது. சளிக்காரன் முதல் வரியை எடுத்தார். ஜினெட் தலையைச் சாய்த்துக் கேட்டார். புருவம் ஏறியது. பெட்டியைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார், முருகேஸ்வரியைப் பார்த்தார். இரண்டாவது வரியில் மைக்கை உயர்த்திச் சேர்ந்துகொண்டார். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. பெட்டிக்குள் இருப்பவர் எழுந்து வெளியே வந்து நிற்பது போல இருந்தது. அதே கனம், அதே கரகரப்பு, அதே மூக்கு. பத்தொன்பது வயதில் பாடியதை எழுபத்தேழு வயதுக் குரலில் அவர் பாடினார், நாற்பத்தொன்பது வருஷமாக இந்த மலை கேட்ட அதே குரலில்.

"அட, சளிக்காரனேதான்," என்றாள் வேலுத்தாய்.

அதன் பிறகு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எல்லோரும் பாடினார்கள். கிழவர்கள் பாடினார்கள், கமிட்டி பாடியது, இடுப்புக் குழந்தைகள் பாடின. ஜினெட் ஒரு வரியை மறந்து நின்றபோது முன்வரிசைப் பிள்ளைகள் எடுத்துக்கொடுத்தன; பிரெஞ்சில், கொஞ்சம் சூரியநெல்லிப் பக்கத்துப் பேச்சு வாடையோடு. பாட்டின் பொருள் என்ன என்று அப்புறம்தான் லோகேஷ் கேட்டுச் சொன்னான். ஒரு பெண், தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவைத்துக்கொண்ட காதலனைப் பார்த்து, சாவியைக் கொடுத்துவிட்டுத் தொலைந்துபோ என்கிறாளாம். பெண்டாட்டி செத்த துக்கம் என்ற மேல் லயத்தார் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

முருகேஸ்வரி மட்டும் பாட்டுக்கு நிற்க முடியாது, இரண்டாவது வரியிலேயே கிளம்பியாக வேண்டும். டெஸ்டிங் என்றால் டெஸ்டிங். முள்ளுக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்று திரும்பினாள். கருத்தப்பாண்டி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எறங்குங்கக்கா. முள்ள நான் பாத்துக்கிடுதேன்." பிறகு, பாட்டுச் சத்தத்துக்கிடையே, தலையைக் குனிந்து: "ஒங்கப்பா ஸ்பீடுதான் சரி."

போன நொடிகளைப் பிடிக்க முதல் இருபது படியை ஓட்டமாகவே அவள் இறங்கினாள். மேல் லயத்து வாசலில் ஒருத்தி மாவாட்டியபடி பாடினாள். நடு லயத்துக் குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, குடத்துக்காரி பாடிக்கொண்டிருந்தாள். படியின் இரண்டு பக்கமும் தேயிலைமேல் அந்தக் குரல் பரவி, சறுக்கி, அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ் லயத்தின் கடைசிப் படியில் அவள் கால் வைத்தபோது பாட்டும் முடிந்தது. ஒரு நொடி பிசகில்லை. அப்பாவின் கணக்கு.

மேலே, கோயில் மேட்டில், எல்லோரும் விளிம்புக்கு வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை நடுவில் தெரிந்தது. முருகேஸ்வரி தலைத்துணியை அவிழ்த்தாள். பாட்டு கடைசி எழுத்துவரை தெளிவாகக் கேட்டிருந்தது; கேட்டால் ஒரு வீச்சு, கேட்காவிட்டால்தான் இரண்டு. இத்தனை வருஷத்தில் அவளும் அவள் அப்பாவும் அந்த இடத்தில் நின்று ஒரு தடவைகூடப் பொய் வீசியதில்லை.

துணியை இரண்டு தடவை வீசினாள்.